படத்தை அட்டவணையாக மாற்றிய நெசவாளர்... யார் இந்த ஜக்கார்டு?

காஞ்சிபுரம் பக்கம் பட்டுத்தறியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெட்டி நினைவிருக்கும். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். ஜக்கார்டு பெட்டி என்பார்கள். ஏதோ மெஷின் பெயர் என்றுதான் பலரும் நினைப்பாங்க. ஆனால் அது ஒரு மனிதரின் பெயர்.

ஜோசப் மரி ஜக்கார்டு. பிரான்ஸின் லியோன் நகரத்துக்காரர். படத்தில் இருக்கும் தகவலை மெஷினுக்குப் புரிகிற மாதிரி எப்படி மாற்றுவது? இன்றைய ஐ.டி. கம்பெனிகள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இந்தக் கேள்விக்கு, 200 வருஷத்துக்கு முன்பே ஒரு விடை வைத்திருந்தவர்.

படம் படிக்கும் அம்மா

1752 ஜூலை 7-ம் தேதி லியோனில் பிறந்தார் ஜக்கார்டு. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர் அது. அப்பா நெசவாளர். அம்மா செய்த வேலை கொஞ்சம் வித்தியாசமானது. டிசைன் படத்தைப் படிப்பதுதான் அவர் தொழில்.

படத்தைப் படிக்கிறதா, அது என்ன வேலை?

ஓவியர் ஒரு பூவை வரைந்து கொடுத்துவிடுவார். ஆனால் தறிக்குப் பூ தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான், எந்தப் பாவு நூலைத் தூக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது. அதனால் பூவைக் கட்டம் போட்ட தாளில் மறுபடி வரைவார்கள். ஒரு வரிசை என்றால் ஓர் ஊடை நூல். ஒரு கட்டம் என்றால் ஒரு பாவு நூலின் இடம். வண்ணம் இருந்தால் தூக்கு, இல்லாவிட்டால் விடு.

அந்தத் தாளை வரிசை வரிசையாகப் படித்து, தறியின் கயிறுகளில் அதே கணக்கில் கண்ணிகள் கட்ட வேண்டும். ஒரு கட்டம் தப்பினால் பூவின் இதழ் கோணிவிடும். அதுவும் ஒரு தடவை அல்ல, டிசைன் திரும்ப வரும் ஒவ்வொரு இடத்திலும்.

கட்டிய கயிறுகளை நெசவின்போது இழுக்க இன்னொருத்தர் வேண்டும். பெரும்பாலும் குழந்தைகள்தான் இந்த வேலைக்கு வந்தார்கள். நாள் முழுக்கக் கனமான கயிறுகளை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடனும் போரும்

ஜக்கார்டு முறையாகப் பள்ளிக்கூடம் போனதில்லை. அச்சகம் வைத்திருந்த அக்கா கணவர்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பத்து வயதில் அம்மா போய்விட்டார். இருபது வயதில் அப்பாவும் இறந்தார். கைக்கு வந்த குடும்பச் சொத்து தங்கவில்லை, கடனில் கரைந்தது.

பிரெஞ்சுப் புரட்சியில் 1793-ல் லியோன் முற்றுகையிடப்பட்டபோது, நகரத்தைக் காக்கும் பக்கம் நின்றார். ஊர் வீழ்ந்ததும் மகனோடு தப்பினார். பிறகு படையில் இருந்தபோது அந்த ஒரே மகனையும் போரில் இழந்தார்.

வெறுங்கையோடு ஊர் திரும்பியவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தது. அவர் வாழ்க்கையின் முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அவர் புதுசா என்ன செய்தார்?

ஓட்டை போட்ட அட்டை அவர் கண்டுபிடிப்பு இல்லை. 1725-ல் புஷோன் என்பவர் ஓட்டை போட்ட காகிதச் சுருளைத் தறியில் வைத்துப் பார்த்தார். அடுத்து ஃபால்கோன் அதை அட்டைகளாக மாற்றினார். 1740-களில் வோகன்சோன், கயிறு இழுக்க ஆளே வேண்டாத ஒரு தறியைச் செய்தார். ஆனால் எதுவும் பெரிதாகப் பரவவில்லை.

பாரிஸுக்கு அழைக்கப்பட்ட ஜக்கார்டு, அங்கே கிடந்த வோகன்சோனின் பழைய தறியை ஆராய்ந்தார். அந்த அமைப்பையும் ஃபால்கோனின் அட்டைகளையும் சேர்த்தார். 1804-ல் அவர் மெஷின் தயார்.

வேலை செய்யும் விதம் ரொம்ப சிம்பிள். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையை ஊசி வரிசை மேல் மோதவைத்தால், ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்த நூல் மேலே வரும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், நூல் கீழேயே நிற்கும். கட்டத்தாளில் இருந்த அதே வரிசை, அதே கட்டம், இப்போது அட்டையில் ஓட்டையாக இருக்கிறது.

டிசைன் மாற்ற வேண்டுமா? தறியைப் பிரிக்க வேண்டாம். அட்டைக் கட்டை மாற்றினால் போதும்.

ஊர் ஏன் கோபப்பட்டது?

1805-ல் லியோன் வந்த நெப்போலியன் இதை ஆதரித்தார். மெஷின் பொதுச் சொத்தானது. ஜக்கார்டுக்கு வருஷம் 3,000 ஃபிராங்க் ஓய்வூதியம், ஒவ்வொரு தறிக்கும் 50 ஃபிராங்க் பங்கு என்று அரசு முடிவு செய்தது.

சொந்த ஊரின் நெசவாளர்கள் கொதித்தார்கள். கயிறு இழுப்பவர்களின் பிழைப்பு போகும், கூலி குறையும் என்ற பயம். தறிகளை உடைத்துக் கொளுத்தினார்கள், அவரையும் தாக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆனாலும் 1812-க்குள் பிரான்ஸில் சுமார் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின. பிறகு வந்த பிரெத்தோன் போன்றவர்கள் அதன் குறைகளைச் சரிசெய்தார்கள்.

1834 ஆகஸ்ட் 7-ம் தேதி, லியோனுக்குப் பக்கத்தில் உலான் என்ற ஊரில் ஜக்கார்டு இறந்தார். 1840-ல் அதே லியோன் அவருக்குச் சிலை வைத்தது.

தறியிலிருந்து கம்ப்யூட்டருக்கு

1839-ல் அவர் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் சுமார் 24,000. அந்தப் படத்தில் ஒன்று இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜிடம் இருந்தது. தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு இதே அட்டை முறையைத்தான் அவர் திட்டமிட்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எண்ணிய ஹொலரித் மெஷினும் ஓட்டை அட்டையில்தான் ஓடியது.

இப்போதும் அதே சிக்கல்தான்

இன்று கட்டிடத்துக்கும் மெஷினுக்கும் கேட் சாஃப்ட்வேரில் வரைபடம் போடுகிறார்கள். மூலையில் கதவு எத்தனை, கம்பி எத்தனை என்று ஓர் அட்டவணை இருக்கும். பார்க்கிறவருக்கு அது அட்டவணை. ஆனால் வெறும் கோடும் எழுத்துமாக வரைந்திருந்தால், கம்ப்யூட்டருக்கு அது சில கோடுகள், சில எழுத்துகள், அவ்வளவுதான். எந்த எண் எந்த வரிசை, எந்த நெடுவரிசை என்று யாராவது எடுத்துக்கொடுக்க வேண்டும். தப்பாக எடுத்தால், கதவின் அளவு ஜன்னலுக்குப் போய்விடும்.

ஜக்கார்டின் மெஷின் கயிறு இழுத்தவரின் வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. படத்தைப் படிக்கிற வேலை மிச்சமிருந்தது. கட்டத்தாளைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட அப்போதும் ஆள் தேவைப்பட்டார். இப்போது அந்த வேலையை சாஃப்ட்வேர் செய்யப் பார்க்கிறது. சரியாகப் படித்ததா என்று வரிசை வரிசையாகச் சரிபார்க்கிறவர், ஜக்கார்டின் அம்மா செய்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.