வெங்ஙானூர் அய்யன்காளி

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அய்யன், மாலை என்னும் புலையர்குலப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார் அய்யன்காளி. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-லேயே சட்டப்படி ஒழிந்திருந்தது. எனினும் பொதுவீதியும் பள்ளிக்கூடமும் புலையருக்கு எட்டாப் பொருள்களாகவே இருந்தன. 1893-ல் அவர் வில்வண்டி பூட்டித் தலைப்பாகையுடன் வீதியிற் சென்ற வரலாற்றை அன்பர்கள் அறிவர். ஈண்டு நாம் கூற விழைவது வேறொன்று.

எழுத்தறிய விரும்பிய புலையச் சிறுவனுக்கு அந்நாளில் திறந்திருந்த கதவு பெரும்பாலும் லண்டன் மிஷன் முதலிய கிறிஸ்தவ சபைகளுடையதே. அடிமைகளின் விடுதலைக்காக அரசிடம் மனுச் செய்தோர் மிஷனரிகள். அந்நன்றியை மறத்தல் தகாது. ஆயினும், உதவி பெறுவோர் ஆராதனைக்கு வந்து, நாளடைவில் ஞானஸ்நானமும் பெறுவர் என்னும் எதிர்பார்ப்பு அவ்வுதவியுடன் ஒட்டியே வந்தது. மறுபுறம், 1904-ஐ ஒட்டிச் சதானந்த சுவாமி என்னும் இந்துத் துறவி இம்மக்களிடையே மடம் அமைத்துப் பஜனையும் தூய்மையும் போதித்தார். அய்யன்காளி அவருடன் சில காலம் பழகினார். அங்கும் உதவிக்கு ஒரு விலை இருந்தது: இந்து சமயத்தை விட்டு அகலலாகாது என்பதே அது.

நாமும் மதம் மாறியவர்களே. மாறுவோரைப் பழிக்க நமக்கு வாயில்லை. ஆனால் ஆராய்ந்து மாறுதல் ஒன்று, பிள்ளையின் சிலேட்டுப் பலகைக்காக மாறுதல் மற்றொன்று.

அய்யன்காளி மதமாற்றத்தை விரும்பியவரல்லர். ஆயினும் மாறியவரை அவர் விலக்கவுமில்லை. மிஷன் வழிவந்த தாமஸ் வாத்தியாரும் ஹாரிஸ் வாத்தியாரும் அவருக்குத் தோழராயினர். 1904-ல் தம் மக்களுக்கென அவரே ஊரில் ஒரு பள்ளி எழுப்பினார்; மேற்சாதியார் அதனைத் தீக்கிரையாக்கினர். 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் தோன்றியது. மிஷனிடமோ மடத்திடமோ இரந்து நில்லாமல், அரசின் பள்ளியையே உரிமையாகக் கேட்டது அச்சங்கம். பிள்ளைகளைச் சேர்க்கும்வரை வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளர் உறுதி பூண்டனர். பட்டினி நெருங்கியபோது விழிஞ்சம் மீனவர் தம் படகுகளில் அவர்களுக்கு இடமளித்தனர். அது உழைப்புக்குக் கிடைத்த கூலி, வழிபாட்டுக்குக் கிடைத்ததன்று.

பள்ளிகளைத் திறக்கும் ஆணை 1907-ல் பிறந்தும் ஏட்டளவில் கிடந்தது. 1910-க்குப் பின்னரே சிறிது உயிர் பெற்றது. ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது, அப்பள்ளியும் எரிந்தது.

ஸ்ரீமூலம் பிரஜா சபையில் 1912 முதல் ஏறத்தாழ இருபத்தைந்தாண்டு அமர்ந்த இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிலம், கல்விச் சலுகை, பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் கிடைத்தது.

1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. அதனைக் கொண்டாடத் திருவிதாங்கூர் வந்த காந்தியடிகள் 1937 ஜனவரியில் வெங்ஙானூருக்கும் சென்றார். நாடு முழுவதும் கோயிற் கதவைப் பற்றிப் பேசிய அந்நாளில், தம் குலத்திற் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறுவதைக் கண்ட பின் கண்மூட வேண்டும் என்பதே அம்முதியவர் அவரிடம் தெரிவித்த ஆசை. 1941 ஜூன் 18-ல் அவர் மறைந்தார்.