ஆறுகளுக்காக வழக்காடிய சேர் ஆதர் கொட்டன்

எஹலியகொடையிலே வாழும் நாம் மழையை வேண்டி நின்றவர்களல்லேம். மழை போதும் போதும் என்று சொல்லியே பழகியவர்கள். நீருக்காகப் பொதுப்பணம் செலவிடுதல் வேண்டும் என்பது நம் மாணவர்க்கு எளிதில் விளங்காத செய்தியே. ஆயின் நம் மூதாதையர் பலர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்தோர். அவர்கள் கடல் கடந்தமைக்கு மழை பொய்த்ததும் ஒரு காரணம். ஆதலின், அச்சீமையின் ஆறுகளுக்காக அரசாங்கத்தோடு வழக்காடிய ஆங்கிலர் ஒருவரின் வரலாற்றை இம்மலரிலே எழுதப் புகுந்தோம்.

ஆதர் கொட்டன் 1803 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் திகதி பிறந்தார். பதினாறு வயதிலே கிழக்கிந்தியக் கும்பனியின் சென்னைப் பொறியியற் படையிற் சேர்ந்து, 1821 இல் இந்தியாவை அடைந்தார். அவருடைய தொடக்க வேலைகளுள் ஒன்று பாம்பன் கால்வாயை அளந்தமை. பிற்காலத்தில் நம்மவர் தோட்டங்களை நோக்கி வந்த வழி அக்கடலை அடுத்ததே என்பதை நினையாதிருக்க முடியவில்லை.

1828 ஆம் ஆண்டளவில் காவிரிப் பாசனம் அவர் பொறுப்பாயிற்று. முக்கொம்பிலே பிரியும் இரு கிளைகளுள் கொள்ளிடம் சரிவு மிக்கது. காவிரியோ மண்ணடைந்து மேடிட்டிருந்தது. நீரிற் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே கடலிற் சேர, தஞ்சை வயல்கள் வாடின. மண் வாருவதிலே பணம் கரைந்ததேயன்றி நோய் தீரவில்லை. கொட்டன் கல்லணையை நுணுகி ஆராய்ந்தார். ஆற்று மணலின் மீதே பெருங்கற்களை இட்டு நம் முன்னோர் நிறுத்திய அவ்வணை அவருக்கு ஆசிரியராயிற்று. அக்கடனை அவர் மறைத்தவரல்லர், வெளிப்படையாகவே எழுதினார். 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுந்தன. மேலணை சற்று மிகையாகவே வேலை செய்தது என்பதையும் சொல்லவேண்டும். காவிரியில் அளவுக்கு மேல் நீர் பாயவே, அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவும், காவிரித் தலைப்பிலே தடுப்புச்சுவர் ஒன்று கட்டவும் நேர்ந்தது. ஒருமுறைச் செலவோடு ஆறு அடங்கிவிடுவதில்லை.

அடுத்தது கோதாவரி. 1832–33 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தால் ஆந்திரக் கரையோரம் பாழாகி, கும்பனிக்கு வரவேண்டிய நிலவரியும் வீழ்ந்திருந்தது. கொட்டன் எழுப்பிய வாதம் கணக்குப்பிள்ளையின் வாதம் போன்றது. அணைக்கு எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேளாதீர். அணை இல்லாமையால் ஆண்டுதோறும் இழக்கும் வரி எவ்வளவு, பஞ்ச நிவாரணத்திற்கு இறைக்கும் பணம் எவ்வளவு என்பவற்றையும் ஏட்டில் எழுதுக என்பதே அவர் கருத்து. இலண்டனிலிருந்த பணிப்பாளர் சபையார் 1846 இல் இணங்கினர். கேட்ட உதவியாளரிற் சிலரே கிடைத்தும், 1847 இல் தவளேசுவரத்திலே வேலை தொடங்கி 1852 இல் முடிந்தது. நான்கு பகுதிகளாக அமைந்த அவ்வணையின் கட்டுவேலை ஏறக்குறைய இரண்டே கால் மைல் நீளம்.

அவர் கணக்கு எங்கும் பலித்ததென்று சொல்லோம். 1858 இல் தோன்றிய சென்னை நீர்ப்பாசனக் கும்பனி, நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு அரசாங்கம் பிணைநிற்க, கர்நூல் கால்வாயை வெட்டிற்று. வருவாய் வரவில்லை. 1882 இல் அரசாங்கமே அதை வாங்கவேண்டியதாயிற்று. புகைவண்டிப் பாதைகளின் மீது அவர் கொண்ட வெறுப்பும் அளவு கடந்தது என்பதே எம் எண்ணம்.

எனினும் 1876–78 ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்திலே தென்னாட்டிற் பல இலட்சம் பேர் மாண்டபோது, கோதாவரிக் கழிமுகநாடு தான் பிழைத்ததோடு வெளியூர்க்கும் தானியம் அனுப்பிற்று. அப்பஞ்சத்திலேதான் ஆயிரக்கணக்கானோர் இலங்கைத் தோட்டங்களை நாடி வந்தனர். 1878 இல், எழுபத்தைந்து வயது முதியவராய், பாராளுமன்றக் குழுவின் முன் கொட்டன் மீண்டும் வழக்குரைத்தார். இந்தியா முழுவதும் கால்வாய் வெட்டும் அவருடைய பெருந்திட்டத்திற்குக் குழுவினர் இணங்கவில்லை. 1899 ஆம் ஆண்டு யூலை மாதம் 24 ஆந் திகதி இங்கிலாந்திலே அவர் காலமானார்.

கோதாவரியிலே பழைய அணைக்குப் பதிலாக எழுந்த புதிய கதவணை அவர் பெயரையே தாங்குகின்றது. பிற்காலத்திற் பாலமும் கதவுகளும் பெற்றிருந்த முக்கொம்பு மேலணையிலோ, 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆந் திகதி இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்திலே சரிந்து வீழ்ந்தன. தமிழக அரசு ஏறக்குறைய 387 கோடி ரூபாய் ஒதுக்கி அங்கே புதிய கதவணை கட்டிற்று.