தந்தை பெயர் மாறிய கொடி

சென்ற தவணையில் ஒருநாள் புறநானூற்றில் வரும் யவனர் தேறலைப் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் எழுந்து அத்தேறலின் சுவை யாதென்று வினவினான். யான் மதுவருந்தும் வழக்கமில்லாதவன். உரையாசிரியர்களும் இவ்விடத்து எனக்குத் துணைவரவில்லை. அன்று மாலையே நூலகத்திற் புகுந்து முந்திரிகையைப் பற்றி அகப்பட்டவற்றையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். யவனரைத் தேடிச் சென்ற எனக்கு வழியில் வேறொருவர் எதிர்ப்பட்டார். அவர்தாம் சுவிற்சர்லாந்து நாட்டுத் தாவர நூலறிஞர் ஹேர்மன் மூல்லர். அவர் வரலாறு பெயர்களையும் பாடங்களையும் ஒப்புநோக்கியே காலங்கழிக்கும் என்போன்றாருக்குப் பெரிதும் உறைக்கும் வரலாறாகும்.

தூர்காவ் என்னும் மாகாணத்திலுள்ள தேகர்வீலன் என்ற ஊரில் 1850ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் ஒரு வெதுப்பகத்தார். முந்திரிகைத் தோட்டமும் உடையவர். நம்மூரில் கந்தையாக்களைப் போல அந்நாட்டில் மூல்லர்கள் பலர். ஆதலின் பிற்காலத்தில் அவர் தம் மாகாணத்தின் பெயரையுஞ் சேர்த்து மூல்லர்-தூர்காவ் எனத் தம்மை வழங்கிக்கொண்டார். சூரிச் நகரிற் கற்றபின், வூர்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் யூலியுஸ் சாக்ஸ் என்ற பேராசிரியரிடம் தாவரங்களின் உயிர்த்தொழிலைப் பயின்று 1874இற் கலாநிதியானார். 1876இல் றைன் நதிக்கரையிலுள்ள கைசன்ஹைம் ஆராய்ச்சி நிலையத்திற்குச் சென்று, அங்கே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பணிபுரிந்தார்.

அவர் உள்ளத்தைப் பற்றிய கேள்வியை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், வெள்ளை முந்திரிகைச் சாதிகளின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். எல்லா முந்திரிகையும் ஒருசுவைய அல்ல. மஸ்கற் என்பது தன் பழத்தின் மணத்தை அப்படியே மதுவிலுங் காட்டுவது. கெவூர்ட்ஸ்திராமீனர் ரோசாப்பூவை நினைவூட்டும். சோவிஞோன் பிளாங்கில் அப்போதறுத்த பசும்புல்லின் வாடை எழும். சார்டனேயோ தனக்கென வலிய மணமின்றி, தான் விளைந்த மண்ணையும் அடைபட்ட மரப்பீப்பாவையும் பேசவிட்டு அடங்கிநிற்பது. இவற்றுள் றீஸ்லிங் தனிப்பெருமை வாய்ந்தது. புளிப்பு ஓங்கியிருக்கும், தேசிக்காய், பச்சை அப்பிள், பூ ஆகியவற்றின் மணங்கள் அதில் உண்டு. மஸ்கற்றுக்கும் றீஸ்லிங்குக்கும் மணந்தரும் பொருள்களுள் ஒன்று நம் அடுக்களைக் கொத்தமல்லி விதையிலும் உள்ளதே என்றறிந்தபோது எனக்குச் சிறிது உறவு தோன்றியது! ஆண்டுகள் பல சென்ற றீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை வருமாம். அதையும் விரும்பிப் பருகுவோர் உளர் என்பதை அவரவர் நாவுக்கே விட்டுவிடுகிறேன்.

இத்துணைச் சிறப்பினதாகிய றீஸ்லிங்குக்கு ஒரு குறையுண்டு. அது காலந்தாழ்த்திப் பழுப்பது. குளிர் முந்தும் ஆண்டுகளில் பழம் முற்றாமலே நிற்க, உழவன் வெறும் புளிப்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுசெல்வான். சில்வானர் என்ற மற்றொரு சாதியோ அதனினும் முந்திப் பழுக்கும்; விளைச்சலும் மிகுதி; புளிப்பும் மென்மையானது; ஆனால் மணம் அடக்கமானது. ஜேர்மனியில் 1659ஆம் ஆண்டிலேயே காஸ்ரெல் என்னும் ஊரில் நடப்பட்ட பழங்குடி அது. வூர்ஸ்பூர்க்கில் மாணவராயிருந்த மூல்லர் அதனை நன்கறிந்திருத்தல் இயல்பே. ஒன்றன் மணமும் மற்றதன் முந்துபழுத்தலும் ஒரே கொடியில் அமையுமாயின், ஏழை உழவன் வானத்தை அஞ்சவேண்டுவதில்லை. இதுவே அவர் கொண்ட நோக்கம்.

1882இற் கைசன்ஹைமில் பூக்களைக் கலந்து விதையெடுத்து நாற்றுக்கள் வளர்த்தார். 1891இல் தாய்நாடு திரும்பி வேடன்ஸ்வில் என்னும் ஊரின் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரானபோது அக்கொடிகளும் அவ்விடம் வந்தன. அவருள் 58ஆம் இலக்கமிட்ட கொடியே தேறியது. ஹைன்றிச் ஷெல்லன்பேர்க் என்ற உதவியாளர் அதனைப் பெருக்கினார். தாய் றீஸ்லிங், தந்தை சில்வானர் என்று ஏட்டில் எழுதப்பட்டது. கொடியும் அவ்விரு பெயரே பெற்றது. 1913இல் ஔகுஸ்ற் டேர்ன் என்பார் அதனை ஜேர்மனிக்குக் கொண்டுசென்று, ஆக்கியோன் பெயராலே மூல்லர்-தூர்காவ் என வழங்கலாயினார்.

மூல்லரை இக்கொடி ஒன்றாலே அளப்பது நீதியன்று. குளிரில் வைத்த உருளைக்கிழங்கு இனிப்பேறுவது ஏன் என்று கொடி கலந்த அதே 1882இல் ஆராய்ந்து எழுதியவர் அவர். மதுவிற் புளிப்புத் தணிவது நுண்ணுயிர்களின் செயல் என்று கண்டு, 1913இல் ஒஸ்ரர்வால்டர் என்பாரோடு அதனை நிறுவினார். அப்பிளிற்குரிய கடும் புளியத்தை அவ்வுயிர்கள் பாலின் மென்புளியமாக மாற்றுகின்றன. இன்று உலகெங்கும் மதுவாக்குவோர் கைக்கொள்ளும் முறை இதன்மேல் நிற்பது. அன்றியும், முந்திரிகைச் சாற்றை வெப்பமூட்டி, புளித்து மதுவாகாமற் போத்தலிற் காக்கும் முறையையும் 1896இல் வெளியிட்டார். மதுவுக்கென்று அமைந்த நிலையத்தின் தலைவரே மதுவல்லாத சாற்றுக்கும் வழிகண்டார் என்பது எனக்கு மிக உவப்பான செய்தி. 1924வரை அத்தலைமையில் இருந்து, 1927 சனவரி 18இல் வேடன்ஸ்விலிலேயே காலமானார்.

கொடியின் புகழ் அவருக்குப் பின்னரே பெருகியது. முந்திப் பழுத்தது, நிறைய விளைந்தது, எம்மண்ணிலும் ஊன்றியது. 1970களில் ஜேர்மனியில் மற்றெல்லாக் கொடிகளினும் மிகுந்த நிலம் அதற்கே ஆயிற்று. நியூசிலாந்திலும் அக்காலத்தில் அதுவே முதலிடம் பெற்றது. ஆனால் விளைச்சலை வேண்டியவர்கள் சுவையை மறந்தார்கள். மெல்லிய மஸ்கற் மணமும் தணிந்த புளிப்புமுடைய அப்பழத்தை அளவிறந்து விளைவித்து, இனிப்பூட்டி, மலிவான மதுவாக்கி ஏற்றுமதி செய்தனர். 1979 சனவரிக் கடும்பனி அக்கொடிகளைப் பெரிதுந் தாக்கியது; பனிதாங்கும் றீஸ்லிங் தப்பியது. 1990களில் றீஸ்லிங் மீண்டும் முதலிடம் பெற்றது. பேராசை கொண்டோர் செய்த பிழையைக் கொடியின் தலையிலும் அவர் தலையிலும் சுமத்திப் பேசுவாரும் உளர். அளவோடு விளைத்து மலைச்சரிவிற் பயிரிடுவோரிடம் நல்ல மது இன்றும் கிடைக்கின்றதென்று அறிந்தோர் எழுதுகின்றனர்.

இனி, அந்த ஏட்டுப் பெயருக்கு வருவோம். கொடியின் குணங்களிற் சில்வானர் சாயல் காணப்படாமையால் ஐயம் நெடுங்காலமாக இருந்தது. இருபுறமும் றீஸ்லிங்கே என்றுஞ் சிலர் கருதினர். 2000ஆம் ஆண்டையொட்டி மரபணு ஆய்வு வழக்கைத் தீர்த்தது. தாய் றீஸ்லிங்தான், தந்தை சில்வானர் அன்று. மடலேன் றோயல் என்ற, உண்பதற்கு வளர்க்கும் முன்பழக் கொடியே தந்தை. ஏடெழுதினோர் கை பிழைத்தலால் ஒரு புலவன் பாட்டு இன்னொருவன் பெயரிற் சேர்வதைக் கண்டு வருந்துபவன் யான். நுண்ணிதின் நோக்கிய ஓர் அறிஞரின் தோட்டத்திலும் அதுவே நேர்ந்ததை எண்ணி அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. அவர் வேண்டிய முன்பழுத்தல் மட்டும், அவர் அறியாத தந்தையிடமிருந்து வந்து சேர்ந்திருக்கிறது.

மாணவனுக்கு யவனர் தேறலின் சுவையை இன்னும் யான் சொல்லவில்லை. சுவிற்சர்லாந்திலோ, ஆய்வு முடிந்து ஆண்டுகள் பல கழிந்தும், போத்தல்களின் மேல் றீஸ்லிங்-சில்வானர் என்ற பழம்பெயரையே அச்சிட்டு வருகின்றனர்.