கற்பதை நிறுத்தாத மருத்துவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு அருகில் வசிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு என் வீட்டு மாடியில் குடியிருந்த ஒடிஸா தொழிலாளி ஒருவர், மலத்தில் ரத்தம் போகிறதென்று மருத்துவரிடம் சென்றார். அவர் பேசியது மருத்துவருக்குப் புரியவில்லை. உடலைப் பரிசோதிக்காமலேயே மூலநோய்க்கு மருந்து எழுதித் தரப்பட்டது. ஐந்து மாதங்கள் கழித்து, வேறோர் இடத்தில் அது மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அந்தச் செய்தியைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புகளுக்கிடையே இடம்பெற்றுப் படித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

மருத்துவராக நற்பெயர் ஈட்டிய காலத்தில்தான் அந்தத் துயரம் நேர்ந்தது. அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோய்க்கு இளவயதிலேயே பலியானார். நோய் உரிய நேரத்தில் கண்டறியப்படவில்லை. மருத்துவர் வீட்டிலேயே இந்த நிலை என்றால், ஏழையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

1925-இல், ஏறத்தாழ 39 வயதில், அரசின் உதவித்தொகையுடன் அவர் லண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெறுவதே நோக்கம். பட்டம் பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. வருவாயும் குடும்பமும் இருந்தன. ஆயினும், கற்றது போதும் என்று அவர் எண்ணவில்லை.

நாடு திரும்பியதும் சென்னை சட்ட மேலவையின் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறை ஒழிப்புக்காக அங்கே வாதாடினார். உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து, 1930-இல் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார்.

தங்கையின் மரணம் மட்டும் அவரை விட்டு அகலவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்ற அலட்சியத்தை எதிர்கொண்டு, இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் இணைந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். வசதியற்றவரும் தயங்காமல் படியேறும் இடமாக அது விளங்கியது. 1968-இல் முத்துலட்சுமி மறைந்தார்.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கத்தரிக்காய் வாங்குபவர் சொத்தையைப் பார்த்து ஒதுக்கலாம். சிகிச்சை பெறுபவரால் அது இயலாது. மருத்துவரின் அறியாமைக்கு விலை கொடுப்பவர் நோயாளியே. வசதியுள்ளவர் இன்னொரு மருத்துவரிடம் செல்வார். தினக்கூலிக்கு அந்த வாய்ப்பில்லை. ஆகவே, மருத்துவரின் தொடர்கல்வி அவருடைய சொந்த விஷயமன்று, ஏழையின் உயிர்க்காப்பு.

ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வகுத்தன. மணிக்கணக்கு மட்டும் போதுமா? புதிய மருந்துகளைப் பற்றிய உரைகளோடு, நோயாளியின் பேச்சைக் கேட்பது, அனைவரையும் சமமாக நடத்துவது, தவறு நேர்ந்தால் மறைக்காமல் ஆராய்வது ஆகியவையும் பாடமாக வேண்டும்.

2022 முதல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள மருத்துவர்களை அங்கே அழைத்து, வேற்று மொழித் தொழிலாளரை எப்படிப் பரிசோதிப்பது என்பதிலிருந்து அந்தப் பாடத்தைத் தொடங்கலாம். முத்துலட்சுமி தன் வீட்டில் நேர்ந்த ஒரு மரணத்திலிருந்து கற்றார். என் வீட்டு மாடியில் குடியிருந்தவருக்கு நேர்ந்ததிலிருந்தும் நாம் கற்க வேண்டாமா?

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).