கியோம் டெ மாஷோ

கியோம் டெ மாஷோ (ஏறத்தாழ கி.பி. 1300 – 1377) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கவிஞரும் இசையமைப்பாளரும் ஆவார். கத்தோலிக்கத் திருப்பலியின் மாறாப் பாடல் பகுதிகள் முழுவதற்கும் பல்குரலிசை அமைத்தவர்களுள் பெயர் அறியப்பட்ட முதல்வர் இவரே.

வாழ்க்கை

மாஷோ வடகிழக்குப் பிரான்சின் சாம்பெய்ன் பகுதியில் பிறந்தவராகக் கருதப்படுகிறார். 1323 அளவில் பொகீமியா அரசர் யோவானிடம் செயலாளராகச் சேர்ந்து, அவருடன் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குச் சென்றார். 1337இல் ரெய்ம்ஸ் பேராலயத்தின் குருக்கள் மன்ற உறுப்பினரானார். 1340 அளவில் அந்நகரிலேயே தங்கினார். பார்வை இழந்திருந்த யோவான் 1346இல் கிரெசிப் போரில் இறந்தார். 1348–49இல் பரவிய கொள்ளைநோயிலிருந்து மாஷோ உயிர் தப்பினார். 1359–60 குளிர்காலத்தில் ஆங்கிலேயப் படை ரெய்ம்சை முற்றுகையிட்டபோதும் அவர் அங்கேயே இருந்தார்.

பேராலயமும் திருப்பலி இசையும்

ரெய்ம்ஸ் பேராலயம் 1211இல் கட்டத் தொடங்கப்பட்ட கோதிக் பாணிக் கட்டடம். கூர்முனை வளைவுகளும் வெளிப்புறத் தாங்கு வளைவுகளும் ஏறத்தாழ 38 மீட்டர் உயரக் கூரையைத் தாங்குகின்றன. பிரெஞ்சு மன்னர்களின் முடிசூட்டு விழாக்கள் இங்கு நடைபெற்றன.

மாஷோவின் "நமது அன்னையின் திருப்பலி" நான்கு குரல்களுக்கானது. ஆறு பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் நான்கில், பழைய கிரெகோரியப் பாடலின் சுரங்களை ஒரு குரல் நீட்டிப் பாட, அவற்றின் மீது மற்றக் குரல்கள் பின்னப்படுகின்றன. அடித்தளக் குரலின் தாள அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. சொற்கள் மிகுந்த மற்ற இரு பகுதிகளில் நான்கு குரல்களும் பெரும்பாலும் அசைகளைச் சேர்ந்தே ஒலிக்கின்றன. இயேசுவின் பெயர் வருமிடத்தில் சுரங்கள் நீள்கின்றன.

இது பேராலயத்தில் சனிக்கிழமைதோறும் மரியாளுக்காக நடைபெற்ற திருப்பலிக்கென இயற்றப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மாஷோவும் அவர் உடன்பிறந்த ஜானும் அத்திருப்பலிக்கு அறக்கட்டளை ஏற்படுத்தினர். இருவரின் மறைவுக்குப் பின் அதில் அவர்களுடைய ஆன்மாக்களுக்காகவும் மன்றாடப்பட்டது. இருவரும் பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

மறைவும் புகழும்

மாஷோ 1377 ஏப்ரலில் காலமானார். அக்காலத் திருச்சபை இசையைப் படைத்தோர் பலரின் பெயர்கள் மறைந்துபோயின. மாஷோ தம் கவிதைகளையும் இசையையும் தொகுத்து, ஓவியங்களுடன் கையெழுத்துப் படிகளாக எழுதுவிப்பதில் அக்கறை காட்டினார். அவற்றுட் பல இன்றும் உள்ளதால் அவரது படைப்புகள் பெயருடன் நிலைத்தன. 1914இல் செருமானியக் குண்டுவீச்சால் கடுமையாகச் சேதமடைந்த பேராலயம், சீரமைக்கப்பட்டு 1938இல் மீண்டும் திறக்கப்பட்டது; 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமானது.