மெழுகிலே உடலறிவு தந்த மங்கை

இன்று நாம் வீட்டில் அமர்ந்தபடியே தொலைக்காட்சியில் இதயம் துடிப்பதையும் மூளையின் மடிப்புகளையும் காண்கிறோம். விஞ்ஞானத்தை மக்களுக்கு விளக்குவோருக்குப் படக்கருவிகள் துணை நிற்கின்றன. அக்கருவிகள் ஏதுமில்லாத 18-ஆம் நூற்றாண்டில், தம் கையால் வடித்த மெழுகுச் சிற்பங்களைக் கொண்டே மனித உடலின் உள்ளமைப்பை விளக்கிய ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவர்தாம் இத்தாலி நாட்டு அன்னா மொராந்தி அம்மையார்.

அன்னா 1714-ஆம் ஆண்டு பொலோஞா நகரில் பிறந்தார். ஓவியமும் சிற்பமும் பயின்று, 1740-இல் ஜியோவன்னி மன்சொலினி என்ற சிற்பியை மணந்தார். ஜியோவன்னி அப்போது புகழ்பெற்ற கலைஞர் எர்க்கோலே லெல்லியிடம் உதவியாளராக இருந்தார். தம் உழைப்புக்குரிய மதிப்புக் கிட்டவில்லையென மனம் நொந்து அவரைவிட்டு விலகினார். வீட்டிலேயே சிற்பக்கூடம் அமைத்தார். ஆயினும் மனச்சோர்வு அவரை வாட்டியது. அவருக்குத் தோள் கொடுக்க அன்னா முன்வந்தார்.

அது எளிய பணியன்று. உடலமைப்பைக் கற்கப் பிணங்களை அறுத்துப் பார்க்க வேண்டும். முதலில் அன்னா அஞ்சினார், அருவருத்தார். பின்னர் மனத்தைத் திடப்படுத்திக் கொண்டு கத்தியைக் கையிலெடுத்தார். கெடாமல் காக்கும் வசதி இல்லாத அந்நாளில் பிணங்கள் விரைவில் அழுகிவிடும். மெழுகுருவமோ ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கும். எனவே எலும்புகளின்மேல் வண்ணம் கலந்த மெழுகைப் படிய வைத்துத் தசைகளையும் நரம்புகளையும் உள்ளவாறே உருவாக்கினர் இருவரும். மருத்துவர் கல்லி நடத்திய மகப்பேற்றுப் பள்ளிக்கும் உருவங்கள் செய்து கொடுத்தனர். மருத்துவச்சிகள் அவற்றைப் பார்த்தே பாடம் கற்றனர்.

1755-இல் கணவர் இறந்தார். இரண்டு ஆண் மக்களோடு அன்னா தனித்து நின்றார். பொலோஞாவில் பிறந்தவரும் கல்வியில் பெருவிருப்பம் கொண்டவருமான பாப்பரசர் 14-ஆம் ஆசீர்வாதப்பர் அவருக்காகப் பரிந்து பேசினார். செனட் சபை ஆண்டுக்கு 300 லீரா உதவித்தொகை வழங்கியது. ஆனால், அத்தொகை குடும்பத்துக்குப் போதவில்லை. பெற்ற மகனையே அநாதை இல்லத்தில் விடவேண்டிய துயரம் அத்தாய்க்கு நேர்ந்தது. அந்நிலையிலும் அவர் கைகள் ஓயவில்லை.

கண், காது, மூக்கு, நாக்கு, கை என ஐம்பொறிகளையும் அவர் மெழுகில் வடித்தார். மென்மையான துணியின்மீது இதமாகப் படிந்த கைகளையும், முள் பட்டுச் சுருங்கும் கைகளையும் செய்து தொடுவுணர்வை விளக்கினார். கண்ணைச் சுழற்றும் தசையொன்று கண்ணீர்ப் பை வரை நீண்டிருப்பதைத் தாமே அறுத்துக் கண்டறிந்து எழுதினார். தம் வீட்டிலேயே மாணவர்க்குப் பாடம் சொன்னார். ரஷ்யப் பேரரசி கேத்தரீன் அழைத்தும் பிறந்த நகரைவிட்டுச் செல்ல அவர் இசையவில்லை. 1769-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் அவருடைய கலைக்கூடத்தைத் தேடிவந்து கண்டார். வறுமையினால் அதே ஆண்டில் தம் படைப்புகளை ரனுஸ்ஸி பிரபுவுக்கு விற்று, அவரது மாளிகையிலேயே குடியேறிப் பணியைத் தொடர்ந்தார். 1774-இல், தம் 60-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் படைப்புகளை இன்றும் பொலோஞாவின் பொஜ்ஜி மாளிகை அருங்காட்சியகத்தில் காணலாம். அவற்றுள் இரண்டு நம் சிந்தனைக்குரியவை. ஒன்று கணவரின் உருவம். அவர் முன்னே இருப்பது இதயம். மற்றொன்று அன்னாவின் உருவம். பட்டாடையும் முத்துமாலையும் அணிந்து, கத்தியேந்தி, அவர் ஆராய்வதோ மனித மூளை! பெண்ணுக்கு இதயம், ஆணுக்கு மூளை என்று உலகம் வகுத்த பங்கீட்டை, ஒரு சொல்லும் பேசாமல் அவர் மாற்றி வைத்துவிட்டார்.

அன்புத் தோழியரே! ஆய்வுக்கூடத்தில் தவளையைத் தொடவும் தயங்குவோர் நம்மிடையே உண்டு. அச்சம் பிறப்பது இயல்பு. அதனைத் தாண்டிச் செல்வதே கல்வி. அன்பினால் ஒரு பணியைத் தொடங்கி, அறிவினால் அதனைத் தமதாக்கிக் கொண்ட அன்னா அம்மையாரின் வாழ்வு நமக்கு வழிகாட்டுவதாக!