உலைக்களத்தில் ஒரு விஞ்ஞானி

எங்கள் உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்று அழைப்போம். முகத்துவாரத்தில் மீன்பிடி வள்ளம் கட்டும் தச்சர்களின் உளிகளை அடித்து, தீட்டி, பதம் போட்டுக் கொடுப்பது அவருடைய தொழில். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த உளியை மறுபடியும் இளஞ்சூட்டில் பிடிப்பார். அதன்மேல் வைக்கோல் நிறம், தவிட்டு நிறம், ஊதா, நீலம் என்று நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வரும். சரியான நிறம் வந்ததும் எடுத்துத் தண்ணீரில் போடுவார்.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் மௌத்தானார். உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கும் எனக்கு இன்று அந்த நிறங்களின் காரணம் தெரியும். இரும்பின் மேல் உண்டாகும் ஒட்சைட்டுப் படலத்தின் தடிப்பைப் பொறுத்தே நிறம் மாறுகிறது. ஏறக்குறைய 230 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறமும் 300 பாகையளவில் நீல நிறமும் தோன்றும். ஆனால் எந்த உளியை எந்த நிறத்தில் அப்பா எடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே இருந்தும் நான் கேட்டு எழுதி வைக்கவில்லை.

இந்தக் கவலை மனதில் இருந்தபோதுதான் கலாநிதி ஆனந்த குமாரசுவாமியின் வாழ்க்கையை வாசித்தேன். நம்மில் பெரும்பாலோர் அவரைக் கலை பற்றி எழுதிய அறிஞராகவே அறிவோம். அதற்கு முன் அவர் கல்லையும் கனியத்தையும் ஆராய்ந்த விஞ்ஞானி.

அவர் 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற சட்டத்தரணி சேர் முத்துக்குமாரசுவாமி. தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயப் பெண்மணி. நான் பஸ்ஸில் போகும்போது பார்க்கும் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லால் மீளக் கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு இவர் மாமன் மகன். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்த பிள்ளை, தாயோடு இங்கிலாந்திலேயே வளர்ந்தது. இலண்டன் யுனிவர்சிற்றி கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900இல் முதல் வகுப்பில் தேறினார்.

பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பி வந்தது கற்களைத் தேடி. கண்டிக்கு அருகே கிடைத்த ஒரு புதிய கனியத்தை அவரும் பிறையர் என்ற அறிஞரும் ஆராய்ந்து 'செரண்டிபைற்று' என்று பெயரிட்டார்கள். அரபு வணிகர்கள் நம் தீவை அழைத்த ஸரன்தீப் என்ற பெயரே அதில் இருக்கிறது. 1903இல் இலங்கைக் கனியவள ஆய்வுப் பகுதியின் முதலாவது பணிப்பாளரானார். பலாங்கொடைப் பக்கத்தில் கிடைத்த, கதிர்த்தொழிற்பாடுள்ள தோரியனைற்று என்ற கனியம் 1904இல் உலகுக்குத் தெரியவந்ததும் அவரது பணியால்தான். 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கனியம் தேடிச் சப்ரகமுவ மலைக் கிராமங்களில் நடந்தபோது அவர் இன்னொன்றையும் கண்டார். இரும்பு உருக்கும் தொழில் அங்கே ஏறக்குறைய அழிந்துவிட்டிருந்தது. பிரித்தானியாவிலிருந்து கப்பலில் வந்த மலிவான இரும்பின் முன் கிராமத்து உலைகள் நிலைக்கவில்லை. வேலை தெரிந்த சிலர் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். அரசாங்க அதிகாரியான அவர் இதைப் பழங்கதை என்று ஒதுக்காமல், அந்த உலைகளின் பக்கத்தில் நின்று, வேலை நடக்கும் முறையைப் படிப்படியாகக் குறித்துக்கொண்டார்.

அந்த முறையை வாசித்தபோது எங்கள் பாடப்புத்தகமே உயிர் பெற்றது போலிருந்தது. முதலில் களிமண் உலையில் தாதையும் மரக்கரியையும் இட்டு, துருத்தியால் ஊதி, இரும்பைப் பிரித்தெடுப்பார்கள். பிறகு அந்த இரும்புத் துண்டை மரச்சிறாய்களோடு ஒரு களிமண் மூசையில் வைத்து, வாயை மூடிச் சூடாக்குவார்கள். மூசை என்பது குழாய் போன்ற நீண்ட பாத்திரம். உள்ளே மரம் கரியாகி, அதன் காபன் இரும்புக்குள் ஏறும். தூய இரும்பு உருக 1538 பாகை வேண்டும். காபன் சேரச் சேர உருகுநிலை இறங்குவதால் கரி உலையின் சூட்டிலேயே அது திரவமாகிவிடும். ஆறியதும் மூசையை உடைத்தால் கடினமான நல்ல உருக்குக் கட்டி கிடைக்கும். வெப்பமானியோ தராசோ இல்லாத மனிதர்கள் கண்ணாலும் கையாலும் செய்த இரசாயனம் இது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஸரன்தீபின் உருக்கைக் குறிப்பிட்டிருக்கிறார். அப்படி உலகம் அறிந்த உருக்கைச் செய்தவர்களின் பின்வந்தோரிடமிருந்தே குமாரசுவாமி கடைசி நேரத்தில் அந்த அறிவைக் காப்பாற்றி வைத்தார்.

அவருடைய குறிப்புகள் 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற ஆங்கில நூலில் இடம்பெற்றன. அவருடைய மனைவி எதெல் எடுத்த படங்கள் அந்நூலுக்குத் துணை நின்றன. கைத்தொழிலாளரைப் பற்றிய புத்தகம் கையாலேயே அச்சிடப்பட வேண்டும் என்று விரும்பி, இங்கிலாந்தில் ஒரு சிறிய கை அச்சகத்தில் 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். 1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சேர்ந்து, 1947 செப்ரெம்பர் 9இல் அந்நாட்டிலேயே காலமானார்.

அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், சமனலவெவப் பகுதியில் மலைச்சரிவுகளில் பழைய உலைகள் பல கண்டுபிடிக்கப்பட்டன. அவை துருத்தியில்லாமல், தென்மேல் பருவக்காற்றின் வேகத்திலேயே எரிந்தவை. கில் ஜூலெஃப் என்ற பெண் ஆய்வாளர் அதேபோன்ற உலையைக் கட்டி, அதே காற்றில் இரும்பு எடுத்துக் காட்டினார். 1996இல் 'நேச்சர்' சஞ்சிகை அதை வெளியிட்டது. அந்த உலைகளை இயக்கியவர்களின் பேச்சை எழுதி வைக்க எவரும் இருக்கவில்லை. அதனால் மண்ணைத் தோண்டித்தான் அறிய வேண்டியிருந்தது. குமாரசுவாமி நின்று பார்த்த உலைகளுக்கோ ஒரு சாட்சி இருந்தது.

கடந்த விடுமுறையில் நான் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு, அப்பாவோடு வேலை செய்த ஒரு முதியவரிடம் கொப்பியும் பேனையுமாகப் போனேன். இதெல்லாம் உனக்கு எதற்கு மகள் என்று முதலில் சிரித்தார். பிறகு இரண்டு மணித்தியாலம் பேசினார். மரம் செதுக்கும் உளியை வைக்கோல் நிறம் தவிட்டு நிறமாகத் திரும்பும்போது எடுக்க வேண்டுமாம். இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா வரும்வரை பொறுக்க வேண்டுமாம். ஆறு பக்கங்கள் நிறைந்தன. அப்பாவிடமே கேட்டிருந்தால் இன்னும் எத்தனை பக்கங்கள் வந்திருக்கும் என்ற எண்ணம் வீடு வரும்வரை என்னை விடவில்லை.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் பன் பாய் இழைக்கத் தெரிந்த உம்மம்மாவோ, தங்கத்தை உரசியே மாற்றுச் சொல்லும் பெரியவரோ இருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். குமாரசுவாமியிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான்.